மலை இறங்கும்போது அந்த ஸ்விட்சை மட்டும் நம்பாதீர்கள்

மேட்டுப்பாளையத்தில் எங்கள் பட்டறைக்கு, பிரேக் பேட் கருகிய வாசனையோடு இப்போது புது மாடல் கார்களும் வருகின்றன. “ஹில் டிசென்ட் கன்ட்ரோல் போட்டுத்தானே சார் இறங்கினேன்?” என்று கேட்கிறார்கள்.

இறக்கத்தில் வண்டி வேகம் எடுக்காமல் தானே பிரேக் பிடிக்கும் வசதி அது. அந்த ஸ்விட்சைப் போட்டால் வேலை செய்வது, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் சென்சார் பார்க்கும். குறித்த வேகத்தைத் தாண்டினால் ஏபிஎஸ் பம்ப் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பிரேக் கொடுக்கும். நம் காலால் அப்படிப் பிரித்து மிதிக்க முடியாது. சேறும் சரளையுமான செங்குத்துப் பாதையில் இது அருமையான துணை. 1997-இல் லேண்ட் ரோவர் தன் ஃப்ரீலேண்டரில் இதைக் கொண்டுவந்தது. செங்குத்து இறக்கத்தில் இன்ஜினாலேயே வண்டியை மெதுவாக்கும் லோ ரேஞ்ச் கியர் அந்த வண்டியில் கிடையாது. அதை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. கரகரவென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், பம்ப் ஓடுகிறது.

ஆனால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அதே டிஸ்க், அதே பேட். ஊட்டியிலிருந்து இங்கே வர ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். ஒன்றரை டன் கார் 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அத்தனையும் பிரேக்கில் ஏறினால்? பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் தரைவரை போகும். டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் இழுத்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். பிரேக் ரொம்பச் சூடானால் பல வண்டிகளில் ஹில் டிசென்ட் தானே விலகிக்கொள்ளும்.

நீண்ட தார்ச்சாலை இறக்கத்துக்குக் கியர்தான் முதல் காவல். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் டி-யிலேயே விடாமல் எல் அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். கியரில் இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் அது எரிகிறது. இன்ஜினையே அணைத்தால் பிரேக் பூஸ்டர் பலம் போய்விடும், ஸ்டீயரிங்கும் இறுகும்.

மின்சாரக் கார்க்காரர்கள் மலை மேல் 100 சதவீதம் சார்ஜ் போட்டு இறங்க வேண்டாம். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்புவதுதான் ரீஜென் பிரேக்கிங். நிறைந்த பேட்டரியில் அது சரியாகப் பிடிக்காது, பாரம் முழுக்கப் பேடுகள் மேல் விழும். 80-இல் நிறுத்துங்கள்; இறக்கமே கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கும்.