அடைத்த ஜன்னலும் 1,277 மனிதர்களும்

இங்கிலாந்தின் கிராமப்புறத்து மாளிகைகளைச் சுற்றிப் பார்க்கப் போனால், ஏதாவது ஒரு சுவரில் ஜன்னல் இருக்க வேண்டிய இடம் கல்லால் அடைபட்டிருக்கும். "ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்துவிட்டார்கள்" என்று கூட வருகிறவர் சொல்வார். 1696 முதல் 1851 வரை, வீட்டு ஜன்னல்களை எண்ணிப் போடும் அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான். ஆனால் முகப்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று கட்டும்போதே வைத்த பொய் ஜன்னல்களும் ஏராளம். உள்ளே போய், அதே இடத்தில் கணப்பின் புகைபோக்கி ஏறுகிறதா என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பழைய வீடுகளின் வரலாற்றைத் தேடுவது என் தொழில். எனக்கு மிகவும் பிடித்த ஆவணம், வீட்டுக்காரர் இறந்ததும் எடுக்கும் பொருள் பட்டியல். எழுத்தர் அறை அறையாக நடந்து எழுதியிருப்பார்: கட்டில், திரைச்சீலை, செப்புப் பானை, எதிரே விலை. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நாமும் நடந்தால், இன்று இல்லாத கதவு எங்கே இருந்தது என்பதுகூடப் புலப்படும்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடக் கூடாது. லீட்ஸ் அருகே உள்ள ஹேர்வுட் மாளிகையை 1759இல் எட்வின் லசெல்ஸ் கட்டத் தொடங்கினார். கட்டடத்துக்கு ஜான் கார், உள்வேலைக்கு ராபர்ட் ஆடம், மேசை நாற்காலிக்குச் சிப்பென்டேல். எல்லாம் பெரிய பெயர்கள். சரி, பணம்? அவருடைய அப்பா ஹென்றி, கரிபியன் தீவான பார்படோஸில் சர்க்கரையிலும் அடிமை வணிகத்திலும் சேர்த்தது.

கரிபியன் கரும்புத் தோட்டங்களுக்கும் பொருள் பட்டியல் உண்டு. ஒரு மனிதரின் பெயர், எதிரே விலை. கொஞ்சம் தள்ளி மாடுகள், அவற்றுக்கும் விலை. அப்படி ஒன்றை முதன்முதலில் படித்த அன்று அதற்கு மேல் வேலை ஓடவில்லை. செப்புப் பானைக்குப் போட்ட அதே மாதிரிக் கோடு, அதே மாதிரிக் கூட்டல்.

1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தபோது, உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கினார்கள். அந்த மாளிகையின் அன்றைய உரிமையாளர் ஹேர்வுட் பிரபுவுக்கு, அடிமைகளாக இருந்த 1,277 பேருக்காக 26,000 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அந்த 1,277 பேருக்கு ஒரு காசும் இல்லை.

2020இல், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு, தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமை முறையோடும் இருந்த தொடர்பை வெளியிட்டபோது பலர் கொதித்தார்கள். அதைப் பற்றிப் பின்கட்டில் தனியாக ஒரு பலகை வைத்தால் போதாதா என்று என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். போதாது. நாற்காலியைச் செய்தவரின் பெயர் எந்த அட்டையில் இருக்கிறதோ, அதே அட்டையில், அதே அளவு எழுத்தில், அந்தக் கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களின் பெயரும் இருக்க வேண்டும்.