அவுரி நீலத்தை அறுக்கும் காற்று

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறா: "வெயிலே எட்டாத உள்ளறையில் மாட்டியிருந்த பழைய அவுரிச்சாயத் துணி வெளுத்துப்போச்சு. நாவூறு எண்டு அம்மம்மா சொல்லுறா. என்ன நடந்திருக்கும்?" கீழ்க்கரையின் தையலை ஒரு சாண் அவிழ்த்துப் படமும் அனுப்பியிருக்கிறா. மடிப்புக்குள் இருந்த நீலம் இன்னும் கருநீலமாகவே இருக்கிறது. வெளியே சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

சாயத்துக்கு முதல் எதிரி வெளிச்சம். அது குறைந்த அறையென்றால் நான் ஓசோனைத்தான் சந்தேகிப்பேன். வாகனப் புகையிலுள்ள நைதரசனீரொட்சைட்டை வெயில் உடைக்கிறது. பிரிந்த ஒட்சிசன் அணு காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து ஓசோனாகிறது. யன்னல் திறந்திருந்தால் அதுவும் உள்ளே வரும்.

இனி நடப்பதை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அவுரி நீலத்தின் மூலக்கூறு ஒரே மாதிரியான இரண்டு பாதிகளால் ஆனது. நடுவில் இரண்டு காபன் அணுக்களுக்கிடையே உள்ள ஓர் இரட்டைப் பிணைப்புத்தான் அவற்றைக் கோத்து வைத்திருக்கிறது. அந்தப் பாலத்தின் வழியே இலத்திரன்கள் இரு பாதியிலும் பரவி நிற்பதால் மூலக்கூறு செம்மஞ்சள் ஒளியை விழுங்குகிறது. மிச்சம் நம் கண்ணுக்கு நீலம். ஓசோன் தேடி வருவதும் இலத்திரன் செறிந்த அதே பாலத்தைத்தான். மூன்று ஒட்சிசனும் இரண்டு காபனுமாக ஒரு சிறு வளையம் உண்டாகிறது. அது நிலைக்காது, முறிகிறது. பாதிகள் பிரிந்து பெரும்பாலும் ஐசாட்டின் ஆகின்றன. அதன் மங்கல் மஞ்சள் துணியில் தெரிவதே இல்லை. நூல் அப்படியே இருக்க, நிறம் மட்டும் போய்விடுகிறது.

மஞ்சள் கிழங்குச் சாயமும் தப்பாது. அதன் நிறப்பொருளான குர்க்குமினை ஓசோன் வெட்டும்போது வனிலின் பிறக்கிறது, ஐஸ்கிரீமில் மணக்கும் அதே வனிலின்! ஒல்லாந்தர் காலத்தில் நம் மணல் நிலங்களில் தோண்டிய சாயவேரின் சிவப்பான அலிசரினுக்கும் ஓசோன் ஆகாது. 1980களில் கலிபோர்னியாவில் ஓவியச் சாயங்களை இருட்டில் வைத்து ஓசோன் செலுத்திப் பார்த்தார்கள். வெளிச்சமே இல்லாமல் பல சாயங்கள் வெளுத்தன.

அம்மம்மாவின் கவலை நியாயமானது, காரணம்தான் வேறு. நாவூறு கழிக்கிற கையால் ஒரு கண்ணாடிச் சட்டம் போட்டால் ஓசோன் பெருமளவு தடைப்படும். நல்லூர் அருங்காட்சியகத்துப் பழம்பொருட்களைச் சுற்றியுள்ள காற்றையும் வருடம் முழுக்க அளக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோடிக்கணக்கில் காசு வேண்டாம். தண்ணீரிலுள்ள ஓசோனை ஆய்வுகூடங்களில் அளப்பதே அவுரிச் சாயம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்துத்தான். அந்த வகைச் சாயம் தோய்த்த வடிதாளைக் காற்றிலும் தொங்கவிடலாம். இரசாயனவியல் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இறுதியாண்டு ஆய்வாகக் கொடுக்கக்கூடிய வேலை. அதற்குரிய சிறு நிதியைக்கூட நாம் ஒதுக்காமலிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தங்கச்சி, அந்தக் கரையைப் பழையபடி மடித்துத் தைத்துவிடுங்கள். இனி அவிழ்க்க வேண்டாம்.