மூன்று முறை சொன்ன துணை விமானி

2010 மே 22 காலை மங்களூரில் விபத்துக்குள்ளான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 விமானத்தின் ஒலிப்பதிவுக் கருவியில் கடைசி இரண்டு மணி ஐந்து நிமிடங்கள் பதிவாகியிருந்தன. அவற்றுள் முதல் ஒரு மணி நாற்பது நிமிடங்களுக்கு விமானிகள் இருவருக்கும் இடையே பேச்சே இல்லை. இடையிடையே குறட்டை ஒலி கேட்கிறது. கேப்டன் உறங்கிக்கொண்டிருந்தார். பின்னர் தரையிறங்கும் நேரத்தில் விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு வெகு மேலே இருந்தது. இறங்காமல் மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து மீண்டும் முயல்வதை விமானிகள் ‘கோ அரவுண்ட்’ என்பார்கள். துணை விமானி அதை மூன்று முறை சொன்னார். ஓடுபாதையின் தொடக்கத்தை 50 அடி உயரத்தில் கடக்க வேண்டிய போயிங் 737 ஏறத்தாழ 200 அடியில் கடந்தது. சுமார் 8,000 அடி நீள ஓடுபாதையில் 5,200 அடி தாண்டிய பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன. குன்றின் உச்சியைச் சமப்படுத்தி அமைத்த அந்த ஓடுபாதைக்கு அப்பால் பள்ளத்தாக்குதான். 166 பேரில் 158 பேர் இறந்தார்கள்.

இயந்திரம் பழுதாகியிருக்கவில்லை. பழுதானது விமானி அறையில் இரண்டு மனிதர்களுக்கு இடையிலான ஏற்பாடு. அந்த ஏற்பாடு எப்படி இயங்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

ஒருவருக்கு உடல்நிலை கெட்டால் மற்றவர் ஓட்டுவார் என்பதற்காகத்தான் இரண்டு விமானிகள் என்று பலர் நினைக்கிறோம். அது ஒரு காரணம் மட்டுமே. ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் ஓட்டுகிறார், மற்றவர் கண்காணிக்கிறார். கேப்டனும் துணை விமானியும் இந்தப் பொறுப்புகளை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வதும் உண்டு. வேகம், உயரம், இறங்கும் வீதம் ஆகியவற்றில் எது வரம்பை மீறினாலும் உரக்கச் சொல்வது கண்காணிப்பவரின் வேலை. பொதுவாக ஓடுபாதைக்கு 1,000 அடி மேலே வரும்போது இவையெல்லாம் வரம்புக்குள் அடங்கியிருக்க வேண்டும்; அடங்காவிட்டால் கோ அரவுண்ட் செய்வதே விதி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இந்த ஏற்பாடு தானாக அமைந்துவிடவில்லை. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் தரையிறங்க வந்த யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானத்தில், சக்கரங்கள் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டனவா என்ற ஐயம் எழுந்தது. கேப்டன் அந்தச் சிக்கலிலேயே மூழ்கி, விமானத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் சுற்றவிட்டார். எரிபொருள் குறைந்துவருவதை விமானப் பொறியாளர் சொல்லத்தான் செய்தார். ஆனால் ‘இப்போதே இறங்கியாக வேண்டும்’ என்ற அழுத்தத்தோடு அந்தச் செய்தி கேப்டனை எட்டவில்லை. விமான நிலையத்தை அடையும் முன்பே எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, விமானம் புறநகர்ப் பகுதியில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தனர். இத்தகைய விபத்துகளை முன்வைத்து 1979இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனமே விமானக் குழுவினருக்குக் கூட்டுப் பணிப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று உலகெங்கும் கட்டாயமாகிவிட்ட அந்தப் பயிற்சியை விமானிகள் ‘சிஆர்எம்’ என்ற சுருக்கப் பெயரால் குறிப்பிடுகிறார்கள்.

அதன் உயிர்நாடி, மூத்தவரிடம் இளையவர் பேசும் முறை. மேலதிகாரியின் தவறைச் சுட்டும்போது நாமெல்லாம் “சார், ஒருவேளை கொஞ்சம் பார்க்கலாமா...” என்று இழுக்கிறோம். அலுவலகத்தில் அது பண்பு. நிமிடத்துக்குப் பல நூறு அடி இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தில் அது ஆபத்து. ஆகவே, முதலில் கேள்வியாகக் கேட்டு, பிறகு அபாயத்தை எண்ணோடு எடுத்துச் சொல்லி, அதற்கும் பயனில்லையெனில் வெளிப்படையாக மறுத்து, இறுதியில் கட்டுப்பாட்டைத் தானே எடுத்துக்கொள்வது எனப் படிப்படியாக ஏறும் பேச்சு முறையைப் பயிற்சியில் பழக்குகிறார்கள். பெரிய நிறுவனங்களில் அன்று காலைதான் முதன்முறையாகச் சந்தித்த இருவர் சேர்ந்து பறப்பது சாதாரணம் என்பதால், நட்பையோ பழக்கத்தையோ நம்பாமல் முன்பே வரையறுத்த சொற்களையே இந்த முறை நம்புகிறது.

சொற்கள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், கேட்பவர் விழித்திருக்க வேண்டும். இங்குதான் ரோஸ்டர் எனப்படும் பணி அட்டவணை பாதுகாப்புக் கருவியாகிறது. நம் உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உறக்கத்தின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. இன்னொரு பக்கம், மூளையிலுள்ள உடற்கடிகாரம் அதிகாலை 2 முதல் 6 மணி வரை விழிப்பை மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுபோகிறது. காப்பி குடித்தாலும் அந்தப் பள்ளம் தூர்ந்துவிடாது. நீண்ட தூக்கத்திலிருந்து திடீரென எழுபவரின் சிந்தனை தெளியச் சில நேரங்களில் அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நீண்ட பயணங்களில் நாசா செய்த ஆய்வில், விமானிகளுக்கு முன்திட்டமிட்டு 40 நிமிட ஓய்வு தரப்பட்டது. அவர்கள் சராசரியாக 26 நிமிடங்கள் உறங்கினர், அதன் பிறகு விழிப்பு மேம்பட்டது. அளந்து எடுத்த குட்டித் தூக்கமும் ஒன்றரை மணி நேரக் குறட்டையும் ஒன்றல்ல.

இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024இல் அறிவித்து, 2025இல் கட்டம் கட்டமாக நடைமுறைப்படுத்தத் தொடங்கிய திருத்த விதிகள் இந்த உடற்கடிகாரத்தை ஒட்டியே எழுதப்பட்டவை. விமானியின் வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்ந்தது. முன்பு காலை 5 மணியோடு முடிந்த ‘இரவு’ என்பதன் வரையறை 6 மணி வரை நீண்டது. காகிதத்தில் ஒரு மணி நேரம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது உடற்கடிகாரப் பள்ளத்தின் கடைசி மணி நேரம். அட்டவணை போடுபவருக்கு அதனால் கூடுதல் விமானிகள் தேவைப்படுகிறார்கள், நிறுவனங்கள் முணுமுணுப்பதற்கும் அதுவே காரணம்.

மங்களூர் விமானம் துபாயிலிருந்து கிளம்பியபோது இந்திய நேரம் அதிகாலை இரண்டரையைத் தாண்டியிருந்தது. விபத்து நேர்ந்தது ஆறு மணி கடந்து சில நிமிடங்களில். முந்தைய இரவு மங்களூரிலிருந்து துபாய்க்குப் பறந்து சென்றதும் இதே இருவர்தான். துணை விமானி ஏன் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை என்பதை ஆராய்ந்த விசாரணைக் குழு, அவருக்கு அந்த அதிகாரத்தைத் தரும் அறிவுறுத்தல்கள் தெளிவற்றிருந்ததை ஒரு காரணமாகக் கருதியது. கேப்டன் உறங்கிய நேரம் முழுவதும் தரைக் கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு ரேடியோவில் பதில் சொல்லிக்கொண்டு, அதே இரவைத் தனியாக விழித்துக் கடந்தவரும் அவர்தான்.