ஆறு எத்தனை மணிக்குக் கெட்டது?

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை, மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா கடைத்தெருவில் ஒரு தாத்தா என்னை நிறுத்தி மினரல் வாட்டர் போத்தலை நீட்டினார். தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏம்மா, நீ தண்ணி டெஸ்ட் பண்ற லேப்லதானே வேலை செய்யிற? இதக் கொஞ்சம் பாரும்மா. சனிக்கிழமை விடியக்காலைல ஓடைல மீனெல்லாம் மெதந்துச்சு."

"எத்தனை மணிக்குப் பிடிச்ச தண்ணி, தாத்தா?"

"மத்தியானம் சாப்ட்டுப் போய்ப் பிடிச்சேன்."

இரண்டு நாளாக அந்தப் போத்தல் மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் கிடந்திருக்கிறது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். அவர் முகம் வாடிப்போனது. கண்ணால் கண்டதைப் பொய் என்று சொல்லிவிட்டதைப் போல எனக்கும் சங்கடமாக இருந்தது.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் நேரத்துக்கு நேரம் மாறும். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளிவிடும்; இரவில் பாசியும் மீனும் கிருமிகளும் எல்லாமே அதை இழுக்கும். விடிவதற்குச் சற்று முன்தான் மிகக் குறைவு. மீன் சாவது பெரும்பாலும் அப்போதுதான். கழிவு விட்டிருந்தாலும் மத்தியானத்துக்குள் அது ஓடைத் தண்ணீரோடு கீழே போயிருக்கும். மூடிய போத்தலிலோ, உள்ளே இருக்கும் கிருமிகளே மிச்ச ஆக்சிஜனையும் தின்று தீர்த்துவிடும்.

இப்போது மீட்டரை நீரில் விட்டால் அளவு தெரிந்துவிடும். ஆனாலும் ரசாயனம் சேர்த்து ஆக்சிஜனைப் பார்க்கும் பழைய விங்க்ளர் முறையை நான் விடவில்லை. கண்ணாடிப் போத்தலில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் சில சொட்டு விட்டு, மூடித் தலைகீழாகக் கவிழ்ப்பேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக, கருப்பட்டியைக் கரைத்தது போல வண்டல் இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். படிக்காதவருக்கும் புரியும்.

"மீன் இருக்குதே, அப்புறம் என்ன?" என்று பலர் கேட்பார்கள். எந்த மீன் என்று பார்க்க வேண்டும். விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக் கூடியவை, சாக்கடையிலும் பிழைத்துக்கொள்ளும். செபாராவ் மீன் பெரும்பாலும் தெளிந்த நீரில்தான் இருக்கும். அது காணாமல் போய்க் கெளுத்தி மட்டும் மிஞ்சினால், அந்த ஓடையை நினைத்துக் கவலைப்படத்தான் வேண்டும்.

சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளைப் பார்க்கிறது: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைக் கிருமிகள் சிதைக்க இழுக்கும் ஆக்சிஜன்), வேதி ஆக்சிஜன் தேவை (கழிவை ரசாயனத்தால் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள், பி.எச். (அமில, காரத் தன்மை). 81க்கு மேல் சுத்தம், 60க்குக் கீழே மாசு. நல்ல கருவிதான். ஆனால் பூச்சிமருந்து, ஈயம், மலக்கிருமி, நாற்றம் எதுவும் அந்த எண்ணில் இல்லை. 'சுத்தம்' என்று வந்ததால் குடிக்கலாம், குளிக்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நம் பக்கம் செம்பனை ஆலைகள் அதிகம். ஆலைக் கழிவின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடையைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. ஆற்றில் விட அனுமதிக்கும் அளவு 100. சில இடங்களில் 20. இடையில் இருக்கும் சுத்திகரிப்புக் குட்டைகள்தான் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். ஒழுங்காகப் பராமரிக்கும் ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி அடைமழையில் கரை வழிந்து நேராக ஓடைக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஓடையில் இறங்குவது அங்கேயே நிற்பதில்லை. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஓடையில் கலந்த கழிவு சுங்கை சிலாங்கூர் ஆற்றை எட்டியது. நான்கு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, சுமார் 12 லட்சம் பயனீட்டாளர் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. தொடக்கம் ஒரு சின்ன ஓடை.

ஆலையை மட்டும் சொல்லிவிட்டு விடக் கூடாது. மருந்தடித்துவிட்டு முதுகுப் பம்பை வாய்க்காலில் அலசும் பழக்கம் நம்மிடமே இருக்கிறது. அலசிய தண்ணீரையும் அடிக்கும் இடத்திலேயே தெளித்துவிடுங்கள்.

நாற்றமோ நுரையோ செத்த மீனோ கண்டால் முதலில் நேரத்தை எழுதுங்கள். பிறகு இடம், நிறம், வாடை, முந்தின இரவு மழையா என்பது. கைபேசியில் படம் எடுங்கள். தண்ணீரில் இறங்காதீர்கள், 2019இல் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனத்தின் புகையே ஆயிரக்கணக்கானோரை மருத்துவமனைக்கு அனுப்பியது, 111 பள்ளிகளை மூட வைத்தது. உடனே சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 எண்ணைக் கூப்பிடுங்கள். நீங்களோ நானோ பிடித்த போத்தல் வழக்குக்கு உதவாது. அதிகாரி பிடித்து முத்திரை வைத்ததுதான் நிற்கும். அவர் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதை உங்கள் குறிப்புதான் சொல்லும்.

தாத்தாவிடமும் இதையே சொன்னேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தார். பதினோரு பதிவுகள். ஏழு, இரவு மழைக்கு அடுத்த விடியல். ஒன்றில் இப்படி இருந்தது: "வியாழன் 5.50. பாலத்துக்குக் கீழ. புளிச்ச வாடை. மீன் வாயப் பொளந்து மேல நிக்குது."

அடுத்த மழைக்குப் பிறகு, விடியுமுன் இருவரும் பாலத்தில் நின்றோம். டார்ச்சை அவர் பிடித்தார். நான் போத்தலைக் கவிழ்த்தேன். வண்டல் வெள்ளையாகவே நின்றது. அவர் நோட்டில் நேரத்தை எழுதிவிட்டுத்தான் போனை எடுத்தார்.