மேல் முன்பல் முளைக்கவில்லையா? காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு

மேல்தாடையின் நடுவிலுள்ள நிலைப்பற்கள் இரண்டும் பொதுவாக 7 முதல் 8 வயதுக்குள் முளைத்துவிடும். ஒரு பல் வந்து ஆறு மாதமாகியும் அதன் இணைப்பல் வராவிட்டாலோ, அதை அடுத்துள்ள சிறிய பல் முந்திக்கொண்டாலோ, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் குமரி மாவட்டத்தில் நான் பார்க்கும் பிள்ளைகளில் பலர், "அப்பாவுக்கும் பிந்தித்தான் முளைத்தது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால், பத்து வயது தாண்டிய பிறகே வருகிறார்கள்.

குளச்சல் பக்கத்திலிருந்து வந்த மூன்றாம் வகுப்புச் சிறுமியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தடவியபோது, வெகு உயரத்தில் கெட்டியான ஒரு புடைப்பு விரலில் தட்டுப்பட்டது. வரவேண்டிய பல்லின் வழியை மறித்துக்கொண்டு கூம்பு வடிவக் கூடுதல் பல் ஒன்று நிற்பதை எக்ஸ்ரே காட்டியது. இந்த வயதில் வேர் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், தடையை அகற்றி இடமும் இருந்தால், பல் தானாகவே இறங்கிவர நல்ல வாய்ப்புண்டு.

மற்றொரு முக்கியக் காரணம் அடிபடுதல். இரண்டு, மூன்று வயதில் படிப்புரையிலிருந்து விழுந்து பால்பல் ஈறுக்குள் குத்திக்கொண்டால், அதன் வேரையொட்டி உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் முளை பாதிக்கப்பட்டு, பின்னாளில் வேர் வளைந்து வளரக்கூடும். அப்படி விழுந்தது உண்டென்றால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தானாக இறங்காத பல்லுக்கு, முதலில் கம்பி கட்டி இடம் உண்டாக்குகிறோம். பிறகு ஈறைத் திறந்து, பல்லின் மேல் மெல்லிய சங்கிலியுடன் கூடிய சிறு பொத்தானை ஒட்டி, ஈறை மூடித் தைத்து, சங்கிலியை மிக மென்மையான விசையால் மாதக்கணக்கில் இழுக்கிறோம். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு விசையைக் கூட்டினால் வேர் கரையும் அபாயம் உண்டு. வேர் வளைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பல்லை உடனே பிடுங்கச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பிடுங்கிவிட்டால், தாடை வளர்ச்சி முடியும்வரை இம்பிளாண்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்க இயலாது, அதற்குள் அந்த இடத்து எலும்பும் மெலிந்துபோகும். எலும்போடு ஒட்டிப்போன பல்லும் மிகக் கடுமையாக வளைந்த பல்லும் வேறு கதை. அவற்றை முப்பரிமாண ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிகிச்சை நடக்கும்போது சங்கிலியைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் தினமும் துலக்கிவிடுங்கள். சங்கிலி அறுந்தாலோ பொத்தான் கழன்றாலோ, அடுத்த முறை போகும்போது சொல்லலாம் என்று விடாமல் அன்றே தெரிவியுங்கள். பல் இன்னும் ஈறுக்குள் இருக்கும் நிலையில் பொத்தான் கழன்றால், ஈறை மறுபடியும் திறக்க நேரிடும்.