யூசெபெயா: பக்தியா, வழிபாடா?

பழைய கிரேக்கத்தில் ‘யூசெபெயா’ என்றொரு சொல் உண்டு. ‘யூ’ என்றால் நன்றாக, முறையாக. ‘செப்’ என்ற வேரின் பொருள், பெரியது ஒன்றின்முன் அஞ்சிப் பின்வாங்கி நிற்பது. விட்டு விலகுவதைக் குறிக்கும் வடமொழி ‘த்யஜ்’ இதற்கு உறவு என்பது மொழியியலார் கொள்கை. நாம் சொல்லும் ‘தியாகம்’ அந்த ‘த்யஜ்’ஜிலிருந்து வந்ததுதான். ஒரே வேர் அங்கே அச்சமாகவும் இங்கே துறப்பாகவும் கிளைத்திருப்பதை எண்ண எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை.

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதைத் ‘தேவபக்தி’ என்கிறது. ‘தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு’ என்ற தீமோத்தேயு நிருப வரி பலருக்கும் மனப்பாடம். அந்த இடத்துக்கு அது பொருந்துகிறது. ஆனால் கிரேக்கர் வாழ்வில் இச்சொல் கடவுளோடு நின்றுவிடவில்லை. பெற்றோரைப் பேணுவதும், இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதும் யூசெபெயாதான். சோபோக்ளீசின் நாடகத்தில் அண்டிகோனி, அரசாணையை மீறித் தன் அண்ணன் உடலுக்கு மண்ணிடுகிறாள். முறை தவறாமல் நடந்ததற்கே முறைகெட்டவள் என்ற பெயர் வாங்கினேன் என்று அவள் கலங்கும் வரியில் இச்சொல்லும் அதன் எதிர்ச்சொல்லும் முட்டிக்கொள்கின்றன. இன்னோர் எதிர்ச்சொல் ‘அசெபெயா’. கி.மு. 399இல் சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்தது அந்தக் குற்றச்சாட்டுதான்.

நமக்கு நெருங்கிய சான்று காந்தகாரில் இருக்கிறது. 1958இல் அங்கே கண்டெடுத்த அசோகரின் கிரேக்க, அரமேயக் கல்வெட்டில், கிரேக்கப் பகுதி ‘தம்மம்’ என்பதற்கு யூசெபெயா என்றே எழுதுகிறது. கொல்லாமை, தாய் தந்தைக்கும் மூத்தோருக்கும் பணிதல் ஆகியவை அதில் பேசப்படுகின்றன. உள்ளம் உருகும் பக்திக்கு அங்கே இடமே இல்லை. எல்லாம் நடத்தை.

ஆகவே தமிழில் எதைச் சொல்வது? ‘பக்தி’ என்றதும் நமக்கு ஆழ்வாரும் நாயன்மாரும் கசிந்து உருகியதுதான் நினைவுக்கு வரும். அது அன்பின் சொல். ‘இறையச்சம்’ வேர்ப்பொருளுக்கு அருகில் வருகிறது. ஆனால் தமிழ் முஸ்லிம்கள் அதைத் ‘தக்வா’ என்ற அரபுச் சொல்லுக்கு உரியதாக்கி நிலைபெறச் செய்துவிட்டார்கள், பெற்றோரையும் முன்னோரையும் அது தொடுவதுமில்லை. ‘பயபக்தி’ நல்ல பேச்சுச் சொல். பெரியவர்களிடமும் பயபக்தியோடு நடப்போம். ஆனால் அது மனநிலையைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை.

என் தேர்வு ‘வழிபாடு’. இன்று அது பூசை என்று சுருங்கிக் கிடக்கிறது. வழிப்படுதல், அதாவது பெரியோர் வழியில் பணிந்து நிற்றல் என்பதே அதன் பழைய பொருள். மாணாக்கன் இலக்கணம் கூறும் நன்னூல் ‘பொழுதொடு சென்று வழிபடல் முனியான்’ என்கிறது. அங்கே வழிபடப்படுபவர் ஆசிரியர்! தொல்காப்பியம் ‘வழிபடு தெய்வம்’ என்கிறது. ஆசானுக்கும் தெய்வத்துக்கும் ஒரே வினை. கிரேக்கச் சொல்லும் அப்படித்தான் இரு பக்கமும் நீண்டது. முன்னொட்டையும் சேர்த்துச் சொல்வதானால் ‘நல்வழிபாடு’ என்பேன்.