பன்னிரண்டு மணிக்குக் குழந்தையை பால்வாடிக்கு அழைத்து வருபவர்களுக்கு

எங்கள் மையத்திலிருந்து இன்னொரு பையன் நின்றுவிட்டான். மூன்றரை வயது. ஜூன் மாதம் சேர்த்தார்கள். காலையில் வந்த நாட்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் அப்பத்தாதான் பன்னிரண்டு மணி வாக்கில் இடுப்பில் வைத்துத் தூக்கி வருவார். இறக்கிவிட்டதும் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுவான். அழுதபடியே நாலு வாய் சாப்பிடுவான். தட்டைக் கழுவிய கையோடு அப்பத்தா தூக்கிக்கொண்டு போய்விடுவார். போன வாரம் அவன் அம்மா வந்து, "அவனுக்கு இங்க பிடிக்கலை டீச்சர், வேன் வர்ற ஸ்கூல்ல சேர்க்கப் போறோம்" என்றார்.

எங்கே சேர்ப்பது என்பது அவர்கள் விருப்பம். ஆனால் அவனுக்குப் பிடிக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பையன் பார்த்தது எங்கள் சாப்பாட்டு நேரத்தை மட்டும். ஒவ்வொரு வருடமும் இப்படிச் சில பிள்ளைகள் நின்றுபோகிறார்கள், விசாரித்தால் காரணம் இதேதான்.

ஊரில் எங்களைச் சோறு போடும் இடமாகத்தான் நினைக்கிறார்கள். அந்தச் சோற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாரம் மூன்று நாள் முட்டை, சத்துமாவு, சூடான மதியச் சாப்பாடு இதையெல்லாம் நம்பி வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மாதாமாதம் எடை போடுகிற எனக்கு அதன் அருமை தெரியும். ஆனால் 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே ஆறு சேவைகளைச் சொன்னார்கள். இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மார்களுக்கான சத்துணவு - சுகாதாரக் கல்வி, அப்புறம் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான முன்பருவக் கல்வி. அந்த ஆறாவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் மையங்கள் இருக்கின்றன. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்னும் "காலையில என்ன டீச்சர், சும்மா விளையாடத்தானே விடுறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

காலையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஒன்பதரை மணிக்குள் வந்துவிடும் பிள்ளை செருப்பைக் கழற்றி வரிசையில் விடும், கை கழுவும், தன் பெயர் அட்டையைத் தேடி எடுத்து ஆணியில் மாட்டும். மூன்று வயதில் பெயரை வாசிக்கத் தெரியாது. அட்டையில் ஒட்டியிருக்கும் படத்தை வைத்துத்தான் எடுக்கும். மாதங்கள் போகப் போக, படம் கிழிந்துபோனால்கூட எழுத்தின் உருவத்தை வைத்து அட்டையைக் கண்டுபிடித்துவிடும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. தினமும் தேடுவதால் வருகிறது. பிறகு எல்லோரும் வட்டமாக உட்காருவோம். பாட்டு, இன்றைக்கு வெயிலா மேகமா என்ற பேச்சு, யார் வரவில்லை என்ற கணக்கு. அப்புறம் விளையாட்டு மூலைகள், கதை, வெளி விளையாட்டு, மறுபடி கை கழுவல், சாப்பாடு, தூக்கம். தூங்கி எழுந்து தண்ணீர் குடித்ததும் வீடு.

இந்த வரிசை நாளுக்கு நாள் மாறக் கூடாது. மாற்றத் தெரியாமல் இப்படி நடத்தவில்லை. பாட்டு மாறும், கதை மாறும். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற எங்கள் பாடத்திட்டத்தில் மாதத்துக்கு ஒரு கருப்பொருள் வரும். ஆனால் எதற்குப் பின் எது என்பது மட்டும் அப்படியே இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டால் மூன்று மணிக்கு என்று சொல்லிப் பயனில்லை. "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவாங்க" என்று சொன்னால் புரியும். பாட்டு முடிந்தால் விளையாட்டு, விளையாட்டு முடிந்தால் சாப்பாடு, தூங்கி எழுந்தால் அம்மா. இந்த வரிசைதான் அதற்குக் கடிகாரம். புதிதாகச் சேர்ந்த பிள்ளை அழுகையை நிறுத்துவது என் கொஞ்சலால் என்று பலர் நினைக்கிறார்கள். நான் எவ்வளவு கொஞ்சினாலும் முதல் சில நாள் அழத்தான் செய்யும். அடுத்து என்ன வரும் என்று அதற்கே தெரிய ஆரம்பித்ததும் அழுகை தானாகக் குறைகிறது.

இப்போது அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் வரும்போது மற்ற பிள்ளைகள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து இருந்துவிட்டார்கள். எல்லோருக்கும் பக்கத்தில் உட்கார ஒரு கூட்டாளி இருக்கிறான், பேச ஒரு விளையாட்டு இருக்கிறது. இவனுக்குத் தட்டு மட்டும்தான். எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியாது. தெரியாத வீட்டுப் பந்தியில் நம்மைத் தனியாக உட்கார வைத்தால் நமக்கே சாப்பாடு இறங்காது. அவன் அழாமல் என்ன செய்வான்?

அடுத்த புகார் எழுத்து. "ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் 'அ' எழுதலையே." தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் மூன்று நான்குதான் எலும்பாகத் தெரியும், மீதி இன்னும் குருத்தெலும்பு. அந்த வயதில் பார்த்து வரைய வருவது வட்டம். கூட்டல் குறி நான்கு வயதை ஒட்டி வரும், சதுரம் அதற்குப் பிறகு, முக்கோணம் ஐந்து வாக்கில். 'அ' எழுதச் சுழி வேண்டும், வளைவு வேண்டும், நேர்க்கோடு வேண்டும், மூன்றும் சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும். முக்கோணமே வராத கையில் பென்சிலைத் திணித்து, மேலே நம் கையை வைத்து அழுத்தி எழுத வைத்தால், எழுதுவது நாம்தான். பிள்ளைக்குக் கிடைப்பது விரல் வலியும் நோட்டைக் கண்டால் பயமும்.

களிமண் உருட்டுவது, காகிதம் கிழிப்பது, பெரிய மணி கோர்ப்பது, ஈரத் துணி பிழிவது, மணலில் விரலால் கோடு இழுப்பது எல்லாம் எழுதும் கைக்கான வேலைகள்தான். வெளியே ஏறி இறங்கித் தொங்கி விளையாடுவதும் அப்படித்தான். தோள் உறுதியாகாமல் விரல் உறுதியாகாது. இவையெல்லாம் காலையில் நடக்கின்றன. பன்னிரண்டு மணிக்கு வந்துவிட்டு எழுத்து வரவில்லை என்று என்னிடம் கோபப்பட்டால் நான் என்ன பதில் சொல்வது?

சரி, எங்கள் பக்கக் குறையையும் சொல்ல வேண்டும். ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். எடை பார்க்கும் நாள், தடுப்பூசி நாள், பதிவேடுகள், போஷன் ட்ராக்கர் என்ற அரசு செல்போன் செயலியில் பதிவு, கணக்கெடுப்பு என்று எத்தனையோ வேலைகள். சில காலைகளில் பாட்டு நேரத்தில் நான் செல்போனோடு நிற்க வேண்டியிருக்கிறது. மூன்று முதல் ஆறு வயது வரை 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்று சிறு பிள்ளைகளின் பராமரிப்பு, கல்விக்கான தேசியக் கொள்கையே சொல்கிறது. மேற்பார்வையாளர்கள் இதைப் படித்தால், ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை எங்களைப் பிள்ளைகளோடு மட்டும் விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மறுபடி பெற்றோரிடம் வருகிறேன். சாப்பிட்டதும் தூக்கிப் போவதை நிறுத்துங்கள். "மதியம் தூங்கினா ராத்திரி தூங்க மாட்டேங்கிறான்" என்கிறீர்கள். மூன்று நான்கு வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், மதியத் தூக்கத்தையும் சேர்த்துத்தான். இரவு பத்தரை வரை டிவி ஓடும் வீட்டில் மதியத் தூக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். அதைவிட முக்கியம், ஒரு பிள்ளையை நடுவில் தூக்கிப் போனால் படுத்திருக்கும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து வாசலைப் பார்க்கும். தூங்கி எழுந்ததும் அம்மா வருவாள் என்று நான் சொன்னது அன்றைக்குப் பொய்யாகிவிடும்.

விட்டுவிட்டுப் போகும்போது ஒளிந்து போகாதீர்கள். கண்ணைப் பார்த்து, "தூங்கி எழுந்ததும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடங்கள். அழுதால் அழட்டும், திரும்பி வந்து எட்டிப் பார்க்க வேண்டாம். சொன்னபடி வந்துவிடுங்கள்.

வீட்டில் அடம்பிடித்தால் "டீச்சர்கிட்ட சொல்லிருவேன், அடிப்பாங்க" என்று மிரட்டுகிறீர்களே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை என் மடியில் உட்காரத் தயங்குகிறது. கை கழுவக் கூப்பிட்டால் நடுங்குகிறது. நீங்கள் ஒரு வாய்ச் சோற்றுக்காகச் சொன்ன வார்த்தை எனக்கு ஒரு மாத வேலை வைக்கிறது.

காய்ச்சல் இருந்தால் அனுப்ப வேண்டாம். பிள்ளையால் தானே இறக்க முடியாத இறுக்கமான பேண்ட் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த டிரவுசர் போதும். சட்டைப் பையில் காசு, புளியங்கொட்டை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், மூக்கிலும் தொண்டையிலும் போய்விடும். பாக்கெட் தின்பண்டம் கொடுத்து அனுப்பாதீர்கள், அதைத் தின்ற பிள்ளை முட்டையைத் தொடாது.

நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள் சீக்கிரமே கிளம்ப வேண்டியிருக்கும், எனக்குத் தெரியும். அப்படியானால் அப்பத்தாவிடமோ பக்கத்து வீட்டிலோ ஒன்பதரைக்குக் கொண்டுவிடச் சொல்லி வையுங்கள். யாரும் இல்லை என்றால் முதல் நாளே எங்கள் உதவியாளரிடம் சொல்லுங்கள், பிள்ளைகளைக் கூட்டி வரும் வழியில் உங்கள் பிள்ளையையும் கூட்டி வருவார். பத்து நாள் விடாமல் காலையிலேயே வரட்டும். அதன் பிறகும் அழுதால், பிடிக்கவில்லை என்று நீங்கள் முடிவு செய்வதற்கு முன் ஒரு காலை நேரம் வந்து வட்டத்தில் எங்களோடு உட்காருங்கள். சேர்ந்தே பார்ப்போம்.